எப்போதிலிருந்து? ஒரு ஜெராக்ஸ் கடையும் சில கெர்னல் பிழைகளும்

காட்பாடியில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். டிடிபி, லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங் எல்லாம் உண்டு. சில வருடங்களுக்கு முன் கடைக் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து, அது கல்லூரிப் பிள்ளைகள் கொண்டுவரும் பென் டிரைவ்களுக்கெல்லாம் தொற்றி, வாசலில் சண்டை வரை போனது. அப்போது லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தவன் நான். அந்தப் புண்ணியத்துக்கு, இன்றுவரை அந்த மெஷினுக்கு என்ன வந்தாலும் போன் எனக்குத்தான் வரும். போன கோடையில், ப்ராஜெக்ட் ரிப்போர்ட் சீசன் உச்சத்தில் இருந்தபோது கூப்பிட்டார்.

“தம்பி, நீ அப்டேட்டு போட்டதிலர்ந்து மெஷினு சரியில்ல. நின்னு நின்னு போவுது. இன்னா பண்ணி வச்ச?”

கோபத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் இதில் ஒரு நல்ல தகவல் இருக்கிறது. ‘நின்னு போவுது’ என்பதில் பெரிதாக ஒன்றும் இல்லை. மெஷின் எதனால் வேண்டுமானாலும் நிற்கும். ‘அப்டேட்டு போட்டதிலர்ந்து’ என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் ஓபி வரிசையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், டாக்டர் முதலில் கேட்பது இரண்டு கேள்வி: என்ன பண்ணுது, எத்தனை நாளா? பீகாரிலிருந்து வந்தவரிடம் அதே கேள்வி ‘கப் சே?’ ஆகிவிடும். ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து எழுதும் ஓர் இயங்குதளத்தில் பிழையைத் துரத்துவதும் பெரும்பாலும் அந்த இரண்டாவது கேள்விக்கு விடை தேடுவதுதான். பிழையைத் திருத்துவது பல நேரம் ஐந்து வரி வேலை. அது எப்போது உள்ளே வந்தது என்று பிடிப்பதற்குத்தான் நாளும் வாரமும் போகும்.

ஏன் என்று கேட்டால், வரத்து அப்படி. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஃபின்லாந்தில் மாணவராக இருந்தபோது பொழுதுபோக்காக ஆரம்பித்த லினக்ஸ் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி), இப்போது 9, 10 வாரத்துக்கு ஒரு புதிய பதிப்பு வருகிறது. ஒவ்வொரு பதிப்பிலும் 10,000 முதல் 15,000 மாற்றங்கள் வரை சேர்கின்றன. முதல் இரண்டு வாரம் கதவு திறந்திருக்கும். புதிய வசதி, புதிய டிரைவர் (ஒரு வன்பொருளை இயக்கும் நிரல்) எல்லாம் அப்போதுதான் உள்ளே வரும். அப்புறம் கதவைச் சாத்திவிட்டு ஏழெட்டு வாரம் திருத்தம் மட்டும். வாரத்துக்கு ஒன்றாக ‘ஆர்சி’ என்ற வெள்ளோட்டப் பதிப்பு வெளியாகி, ஆர்சி 7 அல்லது 8 வரை போய், அதன் பிறகே முழுப் பதிப்பு.

வெள்ளோட்டம் பார்ப்பவர்களிடம் எல்லா வகை மெஷினும் இருக்காது என்பதுதான் சிக்கல். என் அண்ணன் கடையில் இருப்பது ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப். அதில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய வைஃபை கார்டு, யாரோ கழற்றிக் கொடுத்த ரேம், பழைய பிரிண்டர். இந்தச் சேர்க்கை உலகத்தில் இந்த ஒரு கடையில்தான் இருக்கும். எந்த டெவலப்பரின் மேசையிலும் வராத பிழை இங்கே வந்தால் அதில் ஆச்சரியம் இல்லை.

இன்னொன்று, கெர்னல் எழுதுபவர்களிடமிருந்து கடைக்கு நேராக எதுவும் வருவதில்லை. நடுவில், கெர்னலோடு மற்ற மென்பொருள்களையும் சேர்த்துக் கட்டித் தரும் டெபியன், ஃபெடோரா, உபுண்டு போன்ற விநியோகங்கள் இருக்கின்றன. 2011-இல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த பாஸ் லினக்ஸ் ஞாபகம் இருக்கலாம். சி-டாக் உருவாக்கிய அதுவும் டெபியனை வைத்துச் செய்ததுதான். எங்கள் வட ஆற்காட்டுப் பக்கம் ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால், ஏரியே வற்றிவிட்டதா, மதகு திறக்கவில்லையா, இல்லை நடுவில் எவனோ வாய்க்காலை மடை கட்டித் திருப்பிவிட்டானா என்று பார்க்க வேண்டும். மூன்றுக்கும் போய்க் கேட்க வேண்டிய ஆள் வேறு. விநியோகங்கள் கெர்னலில் தங்கள் கைவரிசையையும் சேர்ப்பதால், தலைமடைக்காரர்கள், அதாவது கெர்னல் எழுதுபவர்கள், முதலில் கேட்பது, “எந்த ஒட்டும் போடாத வெனிலா கெர்னலிலும் இது வருகிறதா?” என்றுதான். அதைப் பார்க்காமல் அனுப்பும் புகார் பெரும்பாலும் கிடப்பில் கிடக்கும். முரட்டுத்தனமாகத் தெரியும், ஆனால் அடுத்தவன் கட்டிய மடைக்கு இவர்களைத் திட்டிப் பயனில்லை.

டெபியன் இந்த ‘எப்போதிலிருந்து’ கணக்கை ஒழுங்காக எழுதி வைக்கும் இடம். 1993-இல் இயன் மர்டாக் தொடங்கியது. அங்கே ஒவ்வொரு பிழைக்கும் ஓர் எண்; அந்த எண் 2021-இல் பத்து லட்சத்தைத் தொட்டது. பத்து லட்சம் ஓட்டை என்று பயப்பட வேண்டாம். ‘இந்த மென்பொருளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்’, ‘இந்த மொழிபெயர்ப்பைப் போடுங்கள்’ என்ற வேண்டுகோள்களும் அதே வரிசையில்தான் எண் வாங்குகின்றன. ஒவ்வொரு பிழையிலும், எந்தப் பதிப்பில் கண்டது, எந்தப் பதிப்பில் சரியானது என்று இரண்டையும் குறிப்பார்கள். நோயாளியின் கேஸ் ஷீட் மாதிரி. அதை வைத்து, ‘என்னிடம் இருக்கும் பதிப்பில் இது உண்டா இல்லையா’ என்று மெஷினே பதில் சொல்லிவிடும்.

பிழையின் கடுமையை ஏழு படியாகப் பிரித்திருக்கிறார்கள். மேலே உள்ள மூன்றில் ஒன்று விழுந்தால், அந்த மென்பொருள் தொகுப்பு அடுத்த ஸ்டேபிள் வெளியீட்டில் இடம்பெற முடியாது. ஒன்று திருத்த வேண்டும் அல்லது தூக்கிவிட வேண்டும். புதிதாக வருபவை முதலில் ‘அன்ஸ்டேபிள்’ கிளைக்குப் போகும். அங்கே வழக்கமாக 2, 5 அல்லது 10 நாள் காத்திருந்து, புதிதாகக் கடுமையான பிழை எதுவும் பதிவாகவில்லை என்றால்தான் ‘டெஸ்டிங்’குக்கு நகரும். பலர் ஸ்டேபிள் என்றால் பிழையே இல்லாதது என்று நினைக்கிறார்கள். மாறாமல் நிற்பது என்பதுதான் அதன் பொருள். பிழைகள் இருக்கும், ஆனால் நேற்று இருந்த பிழைதான் இன்றும் இருக்கும். ஜெராக்ஸ் கடைக்கு அதுவே பெரிய நிம்மதி.

சரி, கடைக்கு வருவோம். நான் போனபோது மணி மூன்று. மே மாதம். வேலூரை வெயிலூர் என்று சும்மா சொல்லவில்லை. வெயில் 40 டிகிரியைத் தாண்டி நிற்கும் மாதம். கடைக்குள் ஒரு டேபிள் ஃபேன் அனலை அங்கிருந்து இங்கே தள்ளிக்கொண்டிருந்தது. மெஷின் எப்படி நிற்கிறது என்று கேட்டேன். முதலில் “நிக்குது, அவ்வளோதான்” என்றார். அப்புறம் துருவிக் கேட்டதில்தான் தெரிந்தது, அவர் ‘நிக்குது’ என்பது இரண்டு வேறு சங்கதி. ஒன்று, மதியம் ஷட்டரை இறக்கிவிட்டுச் சாப்பிடப் போய்த் திரும்பினால், உறங்கப் போன கம்ப்யூட்டர் விழிப்பதில்லை. ஃபேன் சுற்றுகிறது, திரை கருப்பு. அதுவும் தினமும் இல்லை, சில நாள்தான். மற்றது, இரண்டு மூன்று மணி வாக்கில் பெரிய ஃபைல் ஏதாவது பிரிண்ட் கொடுக்கும்போது ‘டப்’பென்று மொத்தமாக அணைந்துவிடுகிறது. இரண்டும் ஒரே வாரத்தில் ஆரம்பித்ததால், அவர் கணக்கில் இரண்டுக்கும் குற்றவாளி ஒருவனே. அதாவது நான்.

லாக்கை, அதாவது மெஷின் தானே எழுதிவைக்கும் குறிப்பேட்டைத் திறந்தேன். முந்தைய முறை மெஷின் ஓடியபோது எழுதிவைத்ததை ‘ஜர்னல்சிடிஎல்’ கட்டளையில் பார்க்கலாம். அணைந்துபோன நாட்களின் லாக்கில் கடைசி வரிகள் எல்லாம் ஒரே ரகம்: சிபியூ வெப்பம் எல்லை தாண்டியது, வேகத்தைக் குறைக்கிறேன். அதன் பிறகு ஒரு வரிகூட இல்லை. கேபினெட்டைக் கழற்றினால் ஹீட்சிங்க் மேல் டோனர் தூளும் பேப்பர் தூசியும் கம்பளி மாதிரி படிந்து கிடந்தது. பிரஷ், ப்ளோயர், புதிதாகத் தெர்மல் பேஸ்ட். அதோடு அந்தப் பாதி முடிந்தது. கெர்னலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ‘எப்போதிலிருந்து’ என்ற கேள்விக்கு உண்மையான பதில் ‘கத்திரி வெயில் தொடங்கியதிலிருந்து’.

உறக்கம் கலையாத பிரச்சினை வேறு. மெஷின் கிளம்பும்போது வரும் க்ரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் ஒழுங்காக விழித்தது. புதிய கெர்னலில் மூன்று தடவைக்கு ஒரு தடவை விழிக்கவில்லை. கெர்னல் உலகில் இப்படி, முன்பு ஓடியது புதிய பதிப்பில் ஓடாமல் போவதற்கு ‘ரெக்ரெஷன்’ என்று தனிப் பெயர் உண்டு. அதற்குத் தனி மரியாதையும் உண்டு. ரெக்ரெஷன் கூடாது என்பது டோர்வால்ட்ஸ் வைத்திருக்கும் தலையாய விதி. கெர்னல் மாறியதால் பயனரின் புரோகிராம் உடைந்தால், புரோகிராம்தான் தப்பாக எழுதப்பட்டது என்று வாதாட இடமில்லை; கெர்னல்தான் பின்வாங்க வேண்டும். ஜெர்மனியைச் சேர்ந்த தோர்ஸ்டன் லீம்ஹுயிஸ், வந்து விழும் ரெக்ரெஷன் புகார்கள் யார் கண்ணிலும் படாமல் போய்விடாதபடி ‘ரெக்ஸ்பாட்’ என்ற கருவியை எழுதி, கணக்குப்பிள்ளை மாதிரி பின்தொடர்கிறார். பிழைகளிலேயே ரெக்ரெஷனுக்கு மட்டும் இந்தச் சலுகை ஏன் என்றால், அதற்கு ஒரு பிறந்த நாள் இருக்கிறது. நேற்று நன்றாக இருந்தது, இன்று இல்லை என்றால் நடுவில் ஏதோ ஒரு மாற்றம் காரணம். தேடினால் கிடைக்கும்.

தேடும் முறைதான் அழகு. நிரலில் நடக்கும் மாற்றங்களையெல்லாம் பதிந்துவைக்க டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதிய ‘கிட்’ என்ற கருவியில் ‘பைசெக்ட்’ என்று ஒரு வசதி. நல்ல பதிப்பு இது, கெட்ட பதிப்பு இது என்று இரு முனைகளைச் சொன்னால், நட்ட நடுவில் உள்ள மாற்றத்தை எடுத்துக் கொடுக்கும். அதைக் கம்பைல் செய்து (மெஷின் ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றி) ஓட்டிப் பார்த்து ‘குட்’ அல்லது ‘பேட்’ சொல்ல வேண்டும். உடனே பாதி கழிந்துவிடும். மீதியில் மறுபடி நடு. அகராதியில் சொல் தேடுவது மாதிரிதான். எனக்கு இரண்டு பதிப்புக்கும் நடுவில் 14,000 சொச்சம் மாற்றங்கள் இருந்தன. அத்தனைக்கும் 14 தடவை பார்த்தால் போதும், ஏனென்றால் இரண்டை 14 முறை பெருக்கினால் 16,384. இதற்கு, கெர்னல் எழுதப்படும் சி மொழி தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பொறுமையும், அதே மெஷினும் வேண்டும்.

அதே மெஷின் என்பதில்தான் தொல்லை. பகலில் அது சம்பாதிக்கிறது. அதனால் இரவு ஒன்பது மணிக்கு ஷட்டர் இறங்கியதும் டூ வீலர் முன்பக்கம் கேபினெட்டை வைத்துக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, காலையில் திருப்பிக் கொடுப்பது என்று ஏற்பாடு. அந்த மெஷினுக்கு வேண்டிய டிரைவர்களை மட்டும் வைத்துக் கம்பைல் செய்ததில் ஒரு சுற்று அரைமணிக்குள் முடிந்தது. உறங்கவைத்து அரை நிமிடத்தில் தானே விழிக்க வைக்க ‘ஆர்டிசிவேக்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதை லூப்பில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, விழித்தால் ஒரு கோடு, விழிக்காவிட்டால் ஒரு பெருக்கல் குறி என்று நோட்டில் போட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் இரவு குற்றவாளி கிடைத்தான். ஐபிஎம் மெயின்பிரேம் பிராசஸருக்கான ஒரு மாற்றம்! காட்பாடி ஜெராக்ஸ் கடையில் மெயின்பிரேம் ஏது? எங்கோ ஒரு ‘பேட்’டை ‘குட்’ என்று சொல்லியிருக்கிறேன். ஒரு பொய்ப் பதில் போதும். பைசெக்ட் அதை நம்பி, சரியான பாதியைத் தூக்கி எறிந்துவிட்டு, மிச்சமிருப்பதில் அப்பாவி ஒருவனைப் பிடித்துவந்து நிறுத்தும். கணக்குப் போட்டுப் பார்த்தால் என் அவசரம் புரிந்தது. மூன்றுக்கு ஒரு தடவைதான் பிழை வருகிறது என்றால், ஒரே தடவை சோதித்து நன்றாக இருக்கிறது என்று சொன்னால் மூன்றில் இரண்டு பங்கு நான் ஏமாந்திருக்க வாய்ப்பு உண்டு. தொடர்ந்து பத்துத் தடவை ஒழுங்காக விழித்தால்தான் அது சுமார் 2 சதவீதமாகக் குறையும். நான் முதல் இரவில் தூக்கக் கலக்கத்தில் மூன்று தடவையோடு விட்டிருக்கிறேன். நோட்டில் கோடுகள் சாட்சி. சந்தேகப்பட்ட படியிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன், இந்த முறை படிக்குப் பதினைந்து.

ஐந்தாம் இரவில் கிடைத்தது ஒழுங்கான ஆசாமி. கிராபிக்ஸ் டிரைவரில் ஒரு சிறு ஒழுங்குபடுத்தல். படிப்பதற்கு வசதியாக யாரோ சில வரிகளை இடம் மாற்றியிருந்தார்கள். அதனால் மெஷின் விழிக்கும்போது சில்லுக்கு மின்சாரம் முழுதாக வந்து சேர்வதற்கு முன்பே டிரைவர் அதனிடம் பேச ஆரம்பிக்கிறது. புதிய சில்லுகள் சீக்கிரம் தயாராகிவிடுவதால் பிரச்சினை தெரியவில்லை. இந்தக் கிழ மெஷினில்தான் மூன்றுக்கு ஒரு தடவை முந்திக்கொள்கிறது. அந்த மாற்றத்தை மட்டும் நீக்கிவிட்டு ஓட்டினேன். முப்பது தடவையும் விழித்தது.

கெர்னல் மூலத்தோடு ‘மெயிண்டெய்னர்ஸ்’ என்று ஒரு கோப்பு வரும். எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்று அதில் இருக்கும். பார்த்து எழுதினேன். எந்தப் பதிப்பிலிருந்து, எந்த மாற்றத்திலிருந்து, என்ன மெஷின், மூன்றுக்கு எத்தனை தடவை, நீக்கினால் என்ன ஆகிறது. உணர்ச்சிகரமாக ஒன்றும் இல்லை. மறுநாளே பதில் வந்தது: கூடுதல் லாக் வசதியைப் போட்டுவிட்டு ஒருமுறை ஓட்டி அனுப்ப முடியுமா? போட்டேன். பிழை காணாமல் போனது! லாக் எழுதும் நேரத்தில் டிரைவர் கொஞ்சம் தாமதிக்கிறது. அதற்குள் மின்சாரம் வந்துவிடுகிறது. டாக்டரிடம் போனதும் நின்றுவிடும் பல்வலி மாதிரி. இந்த ரகத்துக்கு ‘ஹைசன்பக்’ என்று பெயர். பார்க்கப் போனால் மறையும். விந்தை என்னவென்றால், அது மறைந்ததே அந்த டெவலப்பருக்குப் போதுமான தடயமாக இருந்தது; நேரப் பிரச்சினை என்று பிடித்துக்கொண்டு நான்கு வரியில் திருத்தம் அனுப்பினார். சோதித்துச் சொன்னேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். புகாரைத் தமிழில் எழுதினால் அங்கே படிக்க ஆள் இல்லை. ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கிறது. அந்தத் தயக்கத்திலேயே நம் பக்கத்துப் பிழைகள் பல பதிவாகாமல் போகின்றன என்று நினைக்கிறேன். ஆனால் என் மடலில் இலக்கணம் பார்த்து யாரும் மதிப்பெண் போடவில்லை. லாக்கும் பைசெக்ட் முடிவும் இருந்தால் மொழி உடைந்திருந்தாலும் வேலை நடக்கும். அவை இல்லாமல் எவ்வளவு நயமாக எழுதினாலும் நடக்காது.

கெர்னலே மொத்தமாகச் சரிந்து விழும்போது லாக் எடுப்பதுதான் கஷ்டம். கொஞ்சம் தடுமாறினால் ‘ஊப்ஸ்’, மீள முடியாவிட்டால் ‘பேனிக்’. எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டு எங்கே விழுந்தது என்ற பட்டியல் திரையில் ஓடும். அதில் ‘டெயின்டட்’ என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். மூலநிரல் வெளியிடப்படாத டிரைவர் ஏற்றியிருந்தாலும் அந்த முத்திரை விழும். விழுந்திருந்தால், அதைக் கழற்றிவிட்டு மறுபடி வரச் சொல்வார்கள். முன்பெல்லாம் அந்தத் திரையை போனில் படம் பிடித்து அனுப்ப வேண்டும், பாதி எழுத்து தெரியாது. 2024 கடைசியில் வந்த 6.12 பதிப்பிலிருந்து, பேனிக் விவரத்தை க்யூஆர் கோடாகவே திரையில் காட்டும் வசதி வந்திருக்கிறது. டீக்கடையில் காசு கொடுக்க ஸ்கேன் செய்வது போல கெர்னல் சாவையும் ஸ்கேன் செய்துகொள்ளலாம்.

எனக்கு வந்த அந்த நான்கு வரித் திருத்தத்தின் அடியில் ஒரு வரி இருந்தது: ‘ஃபிக்சஸ்’ என்று போட்டு, பிழையைக் கொண்டுவந்த மாற்றத்தின் 12 எழுத்து அடையாளம். ‘எப்போதிலிருந்து’ என்பதற்கான விடை அப்படியே ஏட்டில் ஏறிவிடுகிறது. இதனால் என்ன லாபம்? கிரெக் க்ரோ ஹார்ட்மன், சாஷா லெவின் போன்றோர் கெர்னலின் பழைய ஸ்டேபிள் பதிப்புகளைப் பராமரிக்கிறார்கள். ஒரு பதிப்பில் அந்தக் கெட்ட மாற்றம் இருந்தால் திருத்தமும் அங்கே போக வேண்டும், இல்லாவிட்டால் தேவையில்லை. அந்த ஒரு வரியை வைத்து இந்தப் பிரிப்பு நடக்கிறது.

எப்போதும் சுமுகமாக நடக்கும் என்று சொல்ல முடியாது. 2023 டிசம்பர் 9 அன்று டெபியன் 12.3 வெளிவர வேண்டும். அதில் இருந்த கெர்னல் 6.1.64. இதற்குள், கோப்புகளை டிஸ்க்கில் அடுக்கிவைக்கும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் டேட்டா கெட்டுப்போக வாய்ப்பு இருப்பது தெரிந்து, வெளியீட்டை நிறுத்திவைத்தார்கள். நடந்தது இதுதான்: புதிய கெர்னலில் ஒழுங்காக இருந்த ஒரு திருத்தத்தை 6.1-க்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஆனால் அது இன்னொரு மாற்றத்தை நம்பி எழுதப்பட்டது. அந்த இன்னொன்று 6.1-இல் இல்லை. அதனால் சில வகை எழுதும் வேலைகளில், கோப்பில் அடுத்து எங்கே எழுத வேண்டும் என்ற கணக்கு பிசகியது. திருத்தம் நல்லதுதான், போய்ச் சேர்ந்த இடம்தான் தப்பு. மறுநாளே சரிசெய்த 6.1.66 கெர்னலோடு 12.4 வெளிவந்தது. ஒரு நாள் தாமதம்தான். ஆனால் அந்த வாரம் முந்திக்கொண்டு அப்டேட் போட்டவர்களின் வயிற்றில் புளி கரைத்திருக்கும்.

இதற்கு நேர் எதிராக, யாரும் எந்த அப்டேட்டும் போடாமல் ஒரு காலையில் ஆயிரக்கணக்கான சர்வர்கள் தடுமாறியதும் உண்டு. பூமியின் சுழற்சியோடு கடிகாரத்தை ஒத்துவைக்க எப்போதாவது ஒரு விநாடியைக் கூடுதலாகச் சேர்ப்பார்கள். 2012-இல் அது நம் நேரத்துக்கு ஜூலை 1, ஞாயிறு அதிகாலை 5:30-க்கு ஒரு விநாடி முன்னால் வந்தது. கெர்னல் அந்த விநாடியைத் தன் கடிகாரத்தில் சேர்த்தது. நுண்ணிய டைமர்களைக் கவனிக்கும் பகுதிக்குச் சொல்ல மறந்தது. அந்தப் பகுதி ஒரு விநாடி முன்னால் ஓட, ஒரு விநாடிக்குள் எழுப்பச் சொல்லிக் காத்திருந்த புரோகிராம்களெல்லாம் உடனே எழுப்பப்பட்டு, மறுபடி காத்திருக்கப் போய், மறுபடி எழுப்பப்பட்டு, சிபியூ 100 சதவீதத்தில் நின்றது. ஜெர்மனியில் ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்தின் மின்சாரச் செலவு அன்றிரவு சுமார் 1 மெகாவாட் ஏறியதாம். தற்காலிக வைத்தியம் வேடிக்கையானது: இப்போது என்ன நேரமோ அதே நேரத்தை மறுபடி செட் செய்ய வேண்டும், அவ்வளவுதான். ‘எப்போதிலிருந்து?’ என்றால் எல்லாரும் ‘அஞ்சரையிலிருந்து’ என்றுதான் சொல்லியிருப்பார்கள். பிழையோ வெகுநாளாக உள்ளே படுத்திருந்தது, அந்த விநாடிக்காக.

இப்படிப் படுத்திருப்பதை முன்கூட்டியே எழுப்பிவிட கெர்னலில் ஒரு பழைய தந்திரம் உண்டு. ‘ஜிஃபீஸ்’ என்ற எண்ணி, மெஷின் கிளம்பியதிலிருந்து டிக் டிக்கென்று ஏறிக்கொண்டே போகும். 32 பிட் மெஷினில், விநாடிக்கு 1000 டிக் என்றால் 49.7 நாளில் அது நிரம்பி மறுபடி பூஜ்யத்துக்கு வரும். அந்த இடத்தில் தப்பாகக் கணக்குப் போடும் டிரைவர், 50-ஆம் நாள்தான் மாட்டும். எந்த டெவலப்பர் 50 நாள் ரீபூட் செய்யாமல் காத்திருப்பார்? அதனால் எண்ணியைப் பூஜ்யத்திலிருந்து தொடங்காமல், நிரம்புவதற்கு ஐந்து நிமிடம் இருக்கும் இடத்திலிருந்து தொடங்கிவிட்டார்கள். டீ குடித்துவிட்டு வருவதற்குள் பிழை வெளியே வந்துவிடும். கெர்னலில் எனக்கு மிகவும் பிடித்த வரி அது.

மெதுவாவதும் ஓர் அறிகுறிதான். 2024 மார்ச்சில் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் டெவலப்பர், தன் டெபியன் அன்ஸ்டேபிள் மெஷினில், தொலைவிலிருந்து உள்ளே நுழையும் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை விநாடி அதிகம் எடுப்பதைக் கவனித்தார். நம்மில் யாராக இருந்தாலும் விட்டிருப்போம். அவர் எப்போதிலிருந்து என்று தோண்டிப் போய், பிப்ரவரியில் வந்த, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளின் 5.6.0 பதிப்பில் வேண்டுமென்றே வைக்கப்பட்ட கள்ளக் கதவைக் கண்டுபிடித்தார். முக்கிய ஸ்டேபிள் வெளியீடுகளுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. அன்ஸ்டேபிளில் வரிசையில் நிற்க வைப்பதன் அருமை அன்று தெரிந்தது.

அறிகுறியே காட்டாததுதான் பொல்லாதது. 2006-இல் டெபியனின் ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்கத் தொகுப்பில், ஒரு சோதனைக் கருவி காட்டிய எச்சரிக்கையை அடக்குவதற்காக ஓரிரு வரியை நீக்கினார்கள். எச்சரிக்கை நின்றது. கூடவே, ரகசியச் சாவிகளை யாரும் ஊகிக்க முடியாதபடி தற்போக்காக உருவாக்கும் திறமையும் நின்றது. ஒவ்வொரு வகை மெஷினிலும் கிட்டத்தட்ட 32,000 சாவிகளே சாத்தியம் என்றானது. எதுவும் நிற்கவில்லை, எதுவும் மெதுவாகவில்லை. 2008 மே மாதம் லூசியானோ பெல்லோ கண்டுபிடித்துச் சொன்னபோது எல்லாரும் கேட்டது அதே கேள்விதான். 2006 செப்டம்பரிலிருந்து என்று பதில் வந்தது. அதன் பிறகு அந்த மெஷின்களில் உருவான சாவிகளையெல்லாம் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

என் நான்கு வரித் திருத்தம் சில வாரம் கழித்து ஸ்டேபிள் பதிப்பில் வந்து, அப்புறம் விநியோகம் வழியாகக் காட்பாடிக்கும் வந்து சேர்ந்தது. மதியம் சாப்பிட்டுத் திரும்பினால் இப்போது மெஷின் விழிக்கிறது. அண்ணனிடம் நடந்ததையெல்லாம் விளக்கினேன், வெயில் வேறு, கெர்னல் வேறு என்று. “அதெல்லாம் சரி தம்பி, அப்டேட்டு போடலன்னா இது எதுவுமே வந்திருக்காதில்ல?” என்றார்.

போகும்போது இன்னொன்றையும் காட்டினார். தமிழ் பிடிஎஃப் எதைப் பிரிண்ட் கொடுத்தாலும் கடைசியில் ஒரு வெற்றுத் தாள் கூடுதலாக வந்து விழுகிறது. எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

“இதுவா? இது நீ லினக்ஸு போட்ட நாளிலர்ந்தே வந்துகினுதான் இருக்குது. அந்தப் பேப்பர்லதான் நான் கணக்கெழுதறேன்.”

அப்படியென்றால் இது ரெக்ரெஷனில் சேராது. எண் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் திறந்தே கிடக்கிறது.